பேட்டரியைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு எலெக்ட்ரிக் ரேஸ்!

ஒரு சாம்பார் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிறவர்களே ஒரு ஓட்டலில் சாம்பாரை மொத்தமாக வாங்கி, ஆளுக்கு ஒரு வாளி ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். போட்டியாளர் செய்ய வேண்டியது தாளித்துக் கொட்டுவது மட்டும்தான். ஜெயித்தவர் மறுநாள் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறார்: "சாம்பாரின் எதிர்காலம் எங்கள் கையில்!"

சிரிப்பு வருகிறதா? ஃபார்முலா ஈ என்கிற எலெக்ட்ரிக் கார் பந்தயம் 2014லிருந்து இப்படித்தான் நடந்து வருகிறது. அதைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

எலெக்ட்ரிக் வண்டி வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்பது மூன்றே கேள்விகள். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? சார்ஜ் ஏற எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை வருஷம் தாங்கும்? மூன்றுமே பேட்டரி பற்றிய கேள்விகள். மோட்டார் எந்தக் கம்பெனி என்று கேட்கிற ஆள் ஆயிரத்தில் ஒருவர் இருந்தால் அதிசயம். "ரேஸில் கற்றது நாளை ரோட்டுக்கு வரும்" என்று சொல்லித்தான் ஃபார்முலா ஈ கார் கம்பெனிகளை உள்ளே அழைத்தது. ஆனால் விதிப்படி மோட்டார், இன்வெர்ட்டர், மென்பொருள் இவற்றில்தான் கம்பெனிகள் கைவைக்கலாம். பேட்டரி எல்லோருக்கும் ஒன்றே. சப்ளை செய்வதும் ஒரே கம்பெனி. திறந்து பார்த்து மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

கொஞ்சம் பழைய கதை. 2014 செப்டம்பர் 13, பெய்ஜிங்கில் முதல் பந்தயம். வில்லியம்ஸ் செய்த பேட்டரியில் ஓட்டத்துக்குக் கிடைத்தது 28 கிலோவாட் மணி. அது பாதி ரேஸுக்குத்தான் காணும். அதனால் ஓட்டுநர் நடுவில் உள்ளே வந்து, சார்ஜ் தீர்ந்த காரிலிருந்து குதித்து, இன்னொரு காரில் ஏறி ஓட்ட வேண்டும்! நான்கு சீசன்கள் இந்தக் கூத்து நடந்தது. 2018-19ல் மெக்லாரன் கொடுத்த 54 கிலோவாட் மணி பேட்டரி வந்தது, கார் மாற்றுவது நின்றது. முன்னேற்றம்தானே என்பீர்கள். முன்னேற்றம்தான். ஆனால் ஓடுகிற கம்பெனிகள் மோதிக்கொண்டதால் வந்ததல்ல. டெண்டர் கைமாறியதால் வந்தது. அங்கே ஆடியும் ஜாகுவாரும் செய்தது ஒன்றுமில்லை.

டெண்டரில் ஒருவர் தாமதித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2023ல் மூன்றாம் தலைமுறைக் கார் வரும்போது ரேஸ் நடுவே அதிவேக சார்ஜிங் இருக்கும் என்று தடபுடலாக அறிவித்தார்கள். கடைசியில் அது ஓட்டத்தில் வந்தது 2025 பிப்ரவரியில், ஜெட்டாவில். 30 விநாடி, 600 கிலோவாட். நல்ல விஷயம்தான், ஆனால் இரண்டு வருஷம் லேட். "நாங்களே செய்துகொள்கிறோம்" என்று எந்த அணியாவது சொல்ல முடிந்ததா? ஏகபோகத்தில் வாடிக்கையாளருக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று முதலாம் ஆண்டு பொருளாதாரப் பாடத்திலேயே வருகிறதே.

2020 இறுதியில் ஆடி, பி.எம்.டபிள்யூ. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புவதாக அறிவித்தன. பி.எம்.டபிள்யூ. சொன்ன காரணம்தான் முக்கியம். ரேஸிலிருந்து ரோட்டுக்குத் தொழில்நுட்பம் கொண்டுபோகிற வாய்ப்பு இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றார்கள். 2021ல் சாம்பியன் ஆன கையோடு மெர்சிடஸும் விலகலை அறிவித்தது. தாளிக்கிறதில் எத்தனை வருஷம்தான் புதுமை செய்ய முடியும்?

இதைவிடக் கூத்து ஒன்று. ரேஸில் பிறந்த பேட்டரி அறிவு நிஜமாகவே ரோட்டுக்கு வந்த உதாரணம் வேண்டுமா? மெர்சிடஸ் ஏ.எம்.ஜி. சி63 காரில் இருக்கிறது. அதன் 6.1 கிலோவாட் மணி பேட்டரியில் 560 செல்கள், ஒவ்வொன்றையும் திரவம் நேரடியாகக் குளிர்விக்கிறது. அந்த வித்தை வந்தது ஃபார்முலா 1லிருந்து. ஆமாம், பெட்ரோல் குடிக்கிற ஃபார்முலா 1! அங்கே இன்ஜின் கம்பெனிகள் பேட்டரியைத் தாங்களே செய்துகொள்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

பேட்டரியைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. ஐல் ஆஃப் மேன் தீவில் 60.7 கிலோமீட்டர் மலைச்சாலைச் சுற்று ஒன்று இருக்கிறது. 2009ல் அங்கே முதல் எலெக்ட்ரிக் பைக் பந்தயம். யார் வேண்டுமானாலும் எந்த பேட்டரியை வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு வரலாம், ஒரே ஒரு சுற்று. ஜெயித்த 'அக்னி' அணியின் சராசரி வேகம் மணிக்கு 87 மைல். அடுத்த வருஷத்திலிருந்து 'டி.டி. ஜீரோ' என்று பெயர் மாறியது. 100 மைல் சராசரியைத் தொடுகிறவருக்கு 10,000 பவுண்டு பரிசு என்று தீவின் அரசாங்கம் அறிவித்தது. 2012ல் அமெரிக்காவின் மோட்டோசிஸ் பைக்கில் மைக்கேல் ரட்டர் 104 மைலில் சுற்றிவந்து வாங்கிக்கொண்டு போனார். 2014ல் ஜப்பானின் முகென் 117. 2019ல் அதே முகென், அதே ரட்டர், கிட்டத்தட்ட 122. பத்து வருஷத்தில் 87லிருந்து 122!

கல்லூரி நண்பர்களுக்கு ஒரு உபரித் தகவல்: 2011ல் அந்தப் பந்தயத்தில் மூன்றாம் இடம் கிங்ஸ்டன் பல்கலைக்கழக அணிக்கு, நான்காம் இடம் எம்.ஐ.டி. மாணவர்களுக்கு. ஒரே சப்ளையர் விதி இருந்திருந்தால் அவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருப்பார்கள் :-)

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். முகென் பெரும் பலத்தோடு இறங்கியதும் மற்றவர்கள் எட்ட முடியாமல் பின்தங்கினார்கள். 2019க்குப் பிறகு டி.டி. ஜீரோ நடக்கவே இல்லை. பேட்டரியைத் திறந்தால் பணக்காரன் மட்டும்தான் ஜெயிப்பான், மற்றவன் கடையைச் சாத்துவான் என்று ஃபார்முலா ஈ ஆதரவாளர்கள் சொல்வது சும்மா இல்லை. 2014ல் அது சரியான பயம்தான். பத்து அணிகளும் பிழைத்துக் கிடப்பதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. ஆனால் 2022-23 சீசனிலிருந்து ஃபார்முலா ஈயில் செலவு உச்சவரம்பு வந்துவிட்டதே! அணிக்கு ஆண்டுக்கு 13 மில்லியன் யூரோ என்று தொடங்கினார்கள், கார் கம்பெனிகளுக்குத் தனி வரம்பு. பணத்துக்குப் பூட்டு போட்ட பிறகும் பேட்டரிக்கு எதற்கு இன்னொரு பூட்டு?

பாதுகாப்பு என்பார்கள். மோட்டோ ஈ என்கிற பைக் பந்தயம் ஒரே சப்ளையர் முறைதான். 2019 மார்ச்சில், முதல் சீசன் தொடங்கும் முன்பே, ஹெரேஸில் தீப்பிடித்து மொத்த பைக்குகளும் சாம்பல். ஒரே சப்ளையர் என்பதால் தீ விலகிப் போய்விடவில்லை. செல்லுக்கும் பெட்டிக்கும் கடுமையான மோதல் சோதனை, தீச் சோதனை வைப்பதுதான் பாதுகாப்பு. யார் செய்தது என்பது அதில் இரண்டாம்பட்சம்.

மோட்டோ ஈயின் முடிவு இன்னும் பரிதாபம். 2023லிருந்து அதற்கு பைக் கொடுத்தது டுகாட்டி. 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் ஃபோக்ஸ்வாகன் குழுமம் அதே டுகாட்டி ரேஸ் பைக்கில் குவாண்டம்ஸ்கேப்பின் திட நிலை செல்களை மாட்டிக் காட்டியது. 10 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற 12 நிமிடத்துக்குச் சற்று மேல். பல வருஷமாக "இதோ வருகிறது, அதோ வருகிறது" என்று சொல்லப்பட்ட சரக்கு! அதே செப்டம்பர் மாதம், அந்த சீசனோடு மோட்டோ ஈ நிறுத்தி வைக்கப்படுகிறது என்ற அறிவிப்பும் வந்தது. ரசிகர்கள் போதுமான அளவு சேரவில்லையாம். எல்லோரும் ஒரே பைக்கில் ஒரே பேட்டரியோடு சுற்றுவதைப் பார்க்க ஏன் கூட்டம் வரும்? குவாண்டம்ஸ்கேப்பும் சீனாவின் சி.ஏ.டி.எல்.லும் கொரியாவின் எல்.ஜி.யும் ஆளுக்கொரு செல்லோடு மோதிக்கொள்கிறார்கள் என்றால் கதையே வேறு.

ஃபார்முலா ஈயின் நான்காம் தலைமுறைக் கார் 2025 நவம்பரில் அறிமுகமானது, 2026-27 சீசனுக்காக. 600 கிலோவாட் வரை சக்தி, நான்கு சக்கரங்களுக்கும் நிரந்தர இயக்கம், படத்தில் பார்க்கவே மிரட்டுகிறது. பேட்டரி? எல்லோருக்கும் 55 கிலோவாட் மணி, கொடுப்பது இத்தாலியின் போடியம். மறுபடியும் அதே வாளி.

இந்தத் தலைமுறைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஐந்தாம் தலைமுறைக்கு டெண்டர் எழுத உட்காரும்போதாவது எஃப்.ஐ.ஏ. பேட்டரி பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு நான்கு வரி எழுதட்டும். எடைக்கு வரம்பு. ஓட்டத்துக்கான மின்சக்திக்கு வரம்பு. உள்ளே வருகிற ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரே தீச் சோதனை. பேட்டரி செய்கிற கம்பெனி, கேட்கிற சிறிய அணிக்கு அதே சரக்கை நிர்ணயித்த விலையில் விற்றே ஆக வேண்டும். மிச்சத்தைக் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும்.