சாக உரிமை! வலி தீர மருந்து?

கண்ணியமாக வாழும் உரிமையிலே கண்ணியமாக இறக்கும் உரிமையும் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி மீள வழியே இல்லை என்ற நிலையிலே கிடப்பவருக்கு, மூச்சைத் தள்ளும் இயந்திரத்தை நிறுத்தலாம். ஆனால், ஊசி போட்டு உயிரை முடிக்கக்கூடாது. நெதர்லாந்திலே 2002 முதல், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, டாக்டரே அதைச் செய்யலாம். இங்கே செய்தால் குற்றம்.

அந்த எல்லையை நாம் ஏற்கிறோம். நோயை விரட்ட வந்த கை, நோயாளியை விரட்டும் கையாகிவிடக் கூடாது!

டாக்டர் ஒருவர் மட்டும் இங்கே முடிவு செய்துவிட முடியாது. 2023ல் எளிதாக்கப்பட்ட விதிப்படியும், மூன்று டாக்டர்கள் கொண்ட குழு பார்க்கவேண்டும், அவர்கள் சொன்னதை இன்னொரு குழு சரிபார்க்கவேண்டும், உறவினர் இசையவேண்டும். ஓர் உயிருக்கு இத்தனை காவல். வேண்டியதுதான்!

கேட்கிறோம், தோழர்களே: மூட்டை சுமப்பவன் படுத்துவிட்டால் இந்தக் காவல் எங்கே போகிறது? தாலியை விற்றாயிற்று, வீட்டை அடகு வைத்தாயிற்று, நாளைய கட்டணத்துக்கு வழியில்லை. "வீட்டுக்கே அழைத்துப் போகிறோம்" என்று மனைவி கையெழுத்துப் போடுகிறாள். இயந்திரம் நிற்கிறது. அவன் மீள்வானா, மாட்டானா என்று எந்தக் குழு கூடிப் பார்த்தது? சட்டம் தடுக்கும் சாவை, வறுமை நடத்தி வைக்கிறது!

வலியின் கதை அதனினும் கொடிது. அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிடும் நாடு இது. அதிலிருந்து கிடைப்பதுதான் மார்ஃபின்; புற்றுநோயின் வலியைத் தணிக்கும் மலிவான மருந்து. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அதை லைசென்சுகளுக்குள் பூட்டிவைத்தது. 2014ல் பூட்டைத் தளர்த்தினார்கள். தளர்த்திய பின்னும் பல ஊர்களிலே கிடைப்பதில்லை. "என்னைக் கொன்றுவிடுங்கள்" என்று கதறுகிறவன் கேட்பது சாவையா, மருந்தையா?

கவனிக்கக் கையிருந்தால் நடப்பது வேறு. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973ல் கொடியவன் ஒருவனால் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டுக் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய வழக்கை 2011ல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. காரணம், அந்த மருத்துவமனை நர்ஸுகள் அவர் வாழவேண்டும் என்றார்கள். 2015ல் அவர் இறக்கும்வரை பேணியும் காட்டினார்கள். சம்பளத்துக்கு உழைக்கும் பெண்கள் அவர்கள்!

சாகும் உரிமை இருக்கட்டும். அதற்கு முன்னே வலி தணிக்க மருந்து, உண்மையைச் சொல்ல டாக்டர், கட்டணம் கேட்காத கட்டில் – இவை ஏழைக்கு வேண்டும். இவற்றைத் தராமல் சாவை மட்டும் நீட்டினால், அதற்குப் பெயர் உரிமையல்ல, கைகழுவல்!