டாட்ஜர்ஸ் மேல் போடும் பழி

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கிற யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இப்போது ஒரே பல்லவிதான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பணத்தைக் கொட்டிக் கோப்பையை வாங்கிவிட்டார்கள். 2024-இல் வாங்கினார்கள், 2025-இலும் வாங்கினார்கள். வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்காவிட்டால் இந்த ஆட்டமே ஒழிந்துவிடும். இந்தப் பல்லவிக்கு ஒரு சரணமும் உண்டு: “எங்கள் பிட்சர்களுக்கு மட்டும் அடிபடாமல் இருந்திருந்தால்...” தோற்ற ஊர்க்காரர் அடுத்தவன் பணத்தையும் தன் ராசியையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்ப்பார். இரண்டும் பெரும்பாலும் கணக்குப் பார்க்காத புலம்பல் என்பது என் கட்சி.

உச்சவரம்பு என்கிற மருந்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பேஸ்பாலில் இன்றைக்கு இருப்பது ஆடம்பர வரி மட்டும். 2025-இல் ஓர் அணியின் சம்பளப் பட்டியல் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். கட்டத் தயார் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லில் அப்படி இல்லை. 1994 முதல் கறாரான உச்சவரம்பு. அங்கே கோப்பை ஊர் ஊராகப் போயிருக்க வேண்டும், பேஸ்பாலில் பணக்கார வீட்டிலேயே தங்கியிருக்க வேண்டும். நடந்தது என்ன? 2001 முதல் 2024 வரையிலான 24 சீசன்களில் பேஸ்பால் சாம்பியன்கள் 16 வெவ்வேறு அணிகள். அதே 24 சீசன்களில் என்எஃப்எல் சாம்பியன்கள் 13 அணிகள்தான். அதிலும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் மட்டும் ஆறு முறை. நமக்குப் பழக்கமான ஐபிஎல்லிலும் ஏலத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம்தான். ஆனாலும் 2008 முதல் 2025 வரை நடந்த 18 தொடர்களில் பத்தைச் சென்னையும் மும்பையும் ஆளுக்கு ஐந்தாகப் பங்கு போட்டுக்கொண்டன. அங்கே அணிகள் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சம்பளத்தைச் சமமாக்கினால் கோப்பையும் சமமாகப் பரவும் என்பதற்கு எனக்குத் தெரிந்து எந்த லீகும் சாட்சி சொல்லவில்லை.

அடுத்தது, அதிகம் செலவழிப்பவன் ஜெயிக்கிறான் என்ற நம்பிக்கை. நியூயார்க் மெட்ஸ் ரசிகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாரா அழுவாரா என்று தெரியாது. 2023-இல் அதன் முதலாளி ஸ்டீவ் கோஹன் அதுவரை யாரும் செலவழிக்காத தொகையைச் செலவழித்தார். ஆடம்பர வரியே பத்துக் கோடி டாலரைத் தாண்டியது. மேக்ஸ் ஷெர்சர், ஜஸ்டின் வெர்லாண்டர் என்று இரண்டு மூத்த பிட்சர்களுக்கு ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 4.3 கோடிக்கு மேல். வந்தது 75 வெற்றி, 87 தோல்வி. கோடை முடிவதற்குள் இருவரையும் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டார்கள். 2025-இல் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர். அந்த வருடமும் 83 வெற்றியோடு பிளேஆஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றின் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் டாட்ஜர்ஸுக்குப் பக்கத்து வீடான ஏஞ்சல்ஸ், மைக் டிரௌட்டுக்கு 42.65 கோடியும் ஆண்டனி ரென்டோனுக்கு 24.5 கோடியும் எழுதிக் கொடுத்தது. அந்த அணி கடைசியாகப் பிளேஆஃப் ஆடியது 2014-இல்.

டாட்ஜர்ஸையே எடுத்துக்கொள்வோமே. 2013 முதல் 2023 வரையிலான 11 ஆண்டுகளில் பத்து முறை தங்கள் பிரிவில் முதலிடம். கையில் வந்த கோப்பை ஒன்றே ஒன்று. அதுவும் கொரோனா காரணமாக 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 சீசனில் வந்தது. அதை அரைக் கோப்பை என்று கிண்டல் செய்தவர்கள்தான் இன்று கோப்பையை வாங்கிவிட்டார்கள் என்று கொதிப்பவர்களும். 2022-இல் 111 ஆட்டம் ஜெயித்தார்கள். 89 ஆட்டம் ஜெயித்த சான் டியாகோவிடம் முதல் தொடரிலேயே மண்ணைக் கவ்வினார்கள். மறு வருடம் நூறு வெற்றி. 84 மட்டுமே ஜெயித்திருந்த அரிசோனாவிடம் மூன்றுக்குச் சுழியம். முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஒரே ஒருவரை மட்டும் அவுட்டாக்கி, ஆறு ரன் கொடுத்தார். அந்தப் பதினோரு வருடமும் பணம் அதே பணம்தானே? அப்போது கோப்பைக்கு விலை கூடியிருந்ததா?

இனி 2024-க்கு வருவோம். விலைக்கு வாங்கிய கோப்பை என்று இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஷோஹேய் ஒட்டானிக்கு 70 கோடி, யோஷினோபு யமமோட்டோவுக்கு 32.5 கோடி, டைலர் கிளாஸ்னவுக்கு 13.65 கோடி என்று பட்டியல் நீளும். பிளேஆஃப் நடக்கிற அக்டோபர் வந்தபோது நிலைமை வேறு. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒட்டானி அந்த ஆண்டு ஒரு பந்துகூட வீசவில்லை. கிளாஸ்னவ் ஆகஸ்டிலேயே முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெர்ஷா, கேவின் ஸ்டோன், டஸ்டின் மே, டோனி கோன்சோலின் எல்லாருமே காயப் பட்டியலில். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர்கள் என்று மிஞ்சியது மூன்றே பேர்.

அக்டோபர் 9, சான் டியாகோ பெட்கோ பார்க் மைதானம். சான் டியாகோவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் டாட்ஜர்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருக்கிறார்கள். அன்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொடங்கிவைக்க முழு நேர பிட்சர் இல்லை. எட்டுப் பேரை வரிசையாக இறக்கி, ஆளுக்குச் சில விக்கெட் என்பது போல ஒப்பேற்றினார்கள். எதிரணி எடுத்த ரன் சுழியம், டாட்ஜர்ஸ் எடுத்தது எட்டு. அந்த எட்டுப் பேரில் சிலர் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். முதல் பந்து வீசிய ரையன் பிரேசியர், பாஸ்டன் கைவிட்ட பிறகு சிறு லீக் ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். ஆண்டனி பண்டாவைக் கிளீவ்லேண்டிடம் கொஞ்சம் ரொக்கம் கொடுத்து வாங்கினார்கள். இவான் ஃபிலிப்ஸ், டாம்பா பே வேண்டாம் என்று விட்டபோது எடுத்துக்கொள்ளப்பட்டவர். மற்ற 29 அணிகளில் எதுவும் இவர்களை எடுத்திருக்கலாம். காசு ஒரு தடையே இல்லை. இவர்களில் என்ன பார்க்க வேண்டும், எந்தப் பந்தை அதிகம் வீசச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் டாட்ஜர்ஸிடம் இருந்தார்கள்.

வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரில் எதிரே நின்ற நியூயார்க் யாங்கீஸும் ஏழையல்ல; அவர்கள் பட்டியலும் 30 கோடியைத் தாண்டியது. ஐந்தாவது ஆட்டத்தில் ஐந்துக்குச் சுழியம் என்று முன்னிலை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த சுலபமான கேட்சை நழுவவிட்டார். அவருக்கு 36 கோடி ஒப்பந்தம். பிறகு ஆந்தனி வோல்பி எறிந்தது மூன்றாம் பேஸில் நின்றவர் கைக்குச் சரியாகப் போகவில்லை. கடைசியாக மூக்கி பெட்ஸ் முதல் பேஸ் பக்கம் மெதுவாக ஓர் அடி அடித்தார். பிட்சர் கெரிட் கோல் ஓடிப்போய் பேஸை மிதித்திருந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. 32.4 கோடி டாலர்க்காரர் நின்ற இடத்தில் நின்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த இன்னிங்ஸில் ஐந்து ரன், ஆட்டம் 7-6, கோப்பை டாட்ஜர்ஸுக்கு. பேஸை மிதிக்க ஓடுவதற்கு எந்தச் சம்பள உச்சவரம்பும் தடையில்லை.

பணத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 162 ஆட்டம் கொண்ட நீண்ட சீசனில் பணம் பேசத்தான் செய்யும். நாலு பேருக்கு அடிபட்டாலும் ஐந்தாவது ஆள் இருப்பார். 2025-இல் ஐந்தாண்டுக்கு 18.2 கோடி கொடுத்து எடுத்த பிளேக் ஸ்னெல் மாதக்கணக்கில் ஆடாதபோதும் டாட்ஜர்ஸ் பதறவில்லை. அக்டோபரில் அவர் கை நன்றாக இருந்தால் போதும் என்று காத்திருந்தார்கள். அந்தப் பொறுமை காசுக்காரனுக்குத்தான் கட்டுபடியாகும். டொராண்டோவுக்கு எதிரான அந்த வருட இறுதித் தொடரில் யமமோட்டோ ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து வீசிவிட்டு, மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் வந்து இன்னும் 34 பந்து வீசினார். வாங்கிய விலைக்கு வட்டியும் சேர்த்துக் கொடுத்தார். ஆனால் அந்த ஏழாவது ஆட்டம் அவர் கைக்கு வருவதற்கே ஒன்பதாவது இன்னிங்ஸில் மிகெல் ரோஹாஸ் என்ற 36 வயது உபரி வீரர் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்ய வேண்டியிருந்தது. பணம் அணியை அக்டோபர் வரை கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து கோப்பை வரை உள்ள தூரத்தை எவ்வளவு கொடுத்தாலும் வாங்க முடியவில்லை என்பதற்கு மேலே சொன்ன பதினோரு வருடமே போதும்.

காயத்துக்கு வருவோம். இதை ராசி என்று சொல்வதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். 2005-இல் காயப் பட்டியலில் பிட்சர்கள் சேர்க்கப்பட்டது 212 தடவை; 2024-இல் 485 தடவை. இருபது வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கூடிய ஒன்றை எப்படி ராசி என்பது? குறிப்பிட்ட நொடிகளுக்குள் பந்தை வீசியாக வேண்டும் என்று 2023-இல் வந்த பந்துவீச்சுக் கடிகாரம்தான் காரணம் என்று வீரர்கள் சங்கம் சொன்னது. கடிகாரம் எரிகிற தீயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருக்கலாம். தீ அதற்கு வெகு முன்பே பற்றியது. லீகே 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டுகிற முதல் குற்றவாளி வேகம். 2008-இல் மணிக்கு 147 கிலோமீட்டர் சராசரியாக இருந்த வேகப்பந்து இன்று 151-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஏழெட்டு இன்னிங்ஸ் வீச வேண்டும் என்பதால் பிட்சர் சக்தியைப் பிடித்துப் பிடித்துச் செலவழித்தார். இன்றைக்கு ஐந்து இன்னிங்ஸ் போதும், ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசு என்கிறார்கள். முழங்கையின் உட்புறத் தசைநார் அதைத் தாங்குவதற்காகப் படைக்கப்பட்டதல்ல. பள்ளிக்கூடத்துப் பையன்களே ரேடார் கருவி காட்டும் எண்ணுக்காக வீசுகிறார்கள், ஏனென்றால் அணிகள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கின்றன. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற டாட்ஜர்ஸ் பிட்சருக்கு முதன்முதலாகச் செய்த அறுவை சிகிச்சை இன்று வேகப்பந்துக்காரர்களின் வாழ்க்கையில் எதிர்பார்க்கப்படுகிற ஒரு கட்டமாகிவிட்டது.

எனவே காயம் திட்டத்தில் சேர வேண்டிய செலவு. சேர்க்காமல் விட்டவர்கள் வாஷிங்டன் நேஷனல்ஸ். 2019 கோப்பையின் தொடர் நாயகன் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு ஏழாண்டுக்கு 24.5 கோடி எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஆடியது எட்டே ஆட்டங்கள். சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 18.5 கோடிக்கு எடுத்த ஜேக்கப் டிகிராம் 2023-இல் ஆறு ஆட்டத்தோடு அறுவை சிகிச்சைக்குப் போனார். அதே வருடம் ரேஞ்சர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள். 2021-இல் அட்லாண்டாவின் ரொனால்ட் அகுன்யாவுக்கு ஜூலையில் முழங்கால் போயிற்று. அந்த நிலையில் எந்த ரசிகரும் அந்த சீசனுக்கு எள்ளும் தண்ணீரும் தெளித்திருப்பார். நிர்வாகம் அதே மாதத்தில் அதிகச் செலவில்லாமல் ஜாக் பீட்டர்சன், ஹோர்ஹே சோலர், எடி ரொசாரியோ, ஆடம் டுவால் என்று நாலு வெளிக்கள ஆட்களைச் சேர்த்தது. தேசிய லீக் இறுதியின் தொடர் நாயகன் ரொசாரியோ. வேர்ல்ட் சீரிஸின் தொடர் நாயகன் சோலர். “அகுன்யா மட்டும் இருந்திருந்தால்” என்று அழ அங்கே யாருக்கும் நேரமில்லை.

மறுபடி பணத்துக்கு வந்தால், ஒட்டானியின் 70 கோடியில் 68 கோடியைப் பிற்காலத்துக்குத் தள்ளிவைத்தது மோசடி என்பார்கள். அது எல்லா அணிக்கும் திறந்திருக்கிற வழி. வரிக் கணக்கில் அவருக்காக ஆண்டுக்கு 4.6 கோடி ஏறத்தான் செய்கிறது. ஷெர்சரின் 21 கோடியில் பாதியை நேஷனல்ஸ் இப்படித்தான் தள்ளிவைத்து, அவரை வைத்து 2019 கோப்பையை வென்றது. 2001-இல் ஓய்வுபெற்ற பாபி பொனியாவுக்கு மெட்ஸ் இன்னும் ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் சம்பளம் கொடுக்கிறது. இதில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடைசி வாதம் சிறு ஊர்களின் வறுமை. லீகின் மிகச் சிறிய சந்தை மில்வாக்கி. அங்குள்ள புரூவர்ஸ் 2018 முதல் எட்டு சீசன்களில் ஏழு முறை பிளேஆஃப் போனது. 2025-இல் 97 வெற்றியோடு லீகிலேயே முதலிடம். அக்டோபரில் டாட்ஜர்ஸிடம் நாலுக்குச் சுழியம் தோற்றார்கள், மறுக்கவில்லை. பிட்ஸ்பர்க் அப்படி ஒன்றும் சிறிய ஊரல்ல. பைரேட்ஸ் கடைசியாகப் பிளேஆஃப் பார்த்தது 2015. ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட, அது எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. அதாவது டாட்ஜர்ஸ் தொலைக்காட்சியில் சம்பாதிக்கிற காசு பிட்ஸ்பர்க்குக்கும் போகிறது. அந்தக் காசு மைதானத்தில் இறங்குகிறதா, முதலாளி பையில் இறங்குகிறதா என்று ரசிகர் கேட்பதில்லை. அவருக்குக் கோபமெல்லாம் செலவழிக்கிறவன் மேல்தான்.

இந்தக் கோபம் முதலாளிகளுக்கு வெல்லம். 1994-இல் அவர்கள் உச்சவரம்பு கேட்டதில்தான் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1904-க்குப் பிறகு முதன்முறையாக வேர்ல்ட் சீரிஸ் ரத்தானது. தற்போதைய தொழிலாளர் ஒப்பந்தத்தின் ஆயுள் 2026 டிசம்பர் 1 வரைதான். டாட்ஜர்ஸைக் காட்டி உச்சவரம்பு கேட்க முதலாளிகள் தயாராகிறார்கள். கேட்பவர்களில் தன் கணக்கு வழக்கை வெளியே காட்டுகிற அணி எத்தனை என்றால், பங்குச் சந்தையில் இருப்பதால் வேறு வழியின்றி விவரமாகக் காட்டுகிற அட்லாண்டா பிரேவ்ஸ் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. மற்றவர்களும் வரவு செலவைக் காட்டட்டும். குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளத்துக்குச் செலவழித்தே ஆக வேண்டும் என்ற அடிவரம்புக்கும் ஒப்புக்கொள்ளட்டும். உச்சவரம்பைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.