ஊதினால் போதுமா? நடக்கவும் வைத்துப் பார்க்கட்டும்!

"ரெண்டு குலை தூக்குறதுக்குள்ள மூணு தடவ உக்கார்றான், சோம்பேறி!" பெரட்டில் மண்டோர் இப்படிச் சொன்னால் பக்கத்தில் நிற்கும் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். அது சோம்பலா, நோயா என்று யாராவது கேட்டோமா?

பல வருடம் பிடித்த சிகரெட்டும் சுருட்டும் நுரையீரலை மெல்ல மெல்லக் கெடுக்கும். விறகடுப்புப் புகையில் காலம் தள்ளிய தாய்மாருக்கும் இது வரும்.

ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொல்லி மூச்சுக் குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அது நுரையீரலின் கணக்கு. ஆளின் கணக்கு அல்ல. ஒரே அளவு ஊதுகிற இருவரில் ஒருவர் கடை வரை நடந்து போய் வருவார். மற்றவர் குளித்துத் துவட்டுவதற்குள் களைத்துப் போவார்.

ஆளின் கணக்குக்கும் வழி உண்டு. 1976-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளை 12 நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தை அளந்தார்கள். 6 நிமிடமே போதும் என்று 1982-இல் கண்டார்கள். 30 மீட்டர் சமதரையில் போய்த் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பந்தயம் அல்ல; மூச்சு வாங்கினால் நிற்கலாம், கடிகாரம்தான் நிற்காது. விரலில் சிறு கருவி மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு இறங்குகிறதா என்றும் பார்ப்பார்கள். இடமில்லாவிட்டால் ஒரு நாற்காலி போதும். கை ஊன்றாமல் 1 நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணலாம்.

இதற்குப் பெரிய செலவில்லை. லேசான வேலை கேட்டு வருகிறவரை ஊதிய காகிதத்தை மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்புவது நியாயமில்லை. நடந்த கணக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். முறையான பயிற்சி கொடுத்துச் சில வாரம் கழித்து மறுபடி நடக்க வைத்தால், 30 மீட்டர் கூடினாலும் அது நல்ல முன்னேற்றமே.

நம்மிடமும் குறை இருக்கிறது. டாக்டர் கேட்டால் "பரவால்லீங்க" என்கிறோம். வேலை போய்விடுமோ என்ற பயம்! மறைத்தால் மூச்சு திரும்பி வருமா? எந்தப் படியில் நிற்கிறீர்கள், எந்த மேட்டில் உட்காருகிறீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள். "என்னை நடக்க வச்சுப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள்.

கேட்பது தவறல்ல, தோழர்களே. நம் உழைப்பில் தேய்ந்த உடம்பு இது!