மீனுக்கு ஊசி போட்டால் நமக்கு என்ன லாபம்?

"மீனுக்குக் கூடவா டாக்டர் தடுப்பூசி?"னு சிரிக்காதீங்க.

நார்வேயில் கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கிறாங்க. குஞ்சு கடலுக்குப் போகும் முன்னாடியே மயக்க மருந்து கொடுத்து, வயிற்றில் ஊசி. ஒவ்வொரு மீனுக்கும். வருஷத்துக்குக் கோடிக்கணக்கான மீன்கள்!

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

1980களில் அங்கே விப்ரியோ வகை பாக்டீரியா பண்ணைகளுக்குள் புகுந்தது. ரத்தத்தில் கிருமி பரவி மீன்கள் கூண்டு கூண்டாகச் செத்தன. பின்னாடியே ஏரோமோனாஸ் கிருமி. பண்ணைக்காரர்கள் கையில் எடுத்தது ஆன்டிபயாட்டிக். 1987ல் கிட்டத்தட்ட 50 டன். அந்த வருஷம் அங்கே விளைந்த சால்மனே சுமார் 50,000 டன்தான். ஒரு டன் மீனுக்கு ஒரு கிலோ மருந்து!

இந்த மருந்தை எப்படிக் கொடுப்பாங்க தெரியுமா? தீவனத்தில் கலந்துதான். காய்ச்சலில் படுத்த குழந்தை ஒழுங்கா சாப்பிடுமா? மீனும் அப்படித்தான். நோய் வந்த மீன் தீனி எடுக்காது. நல்லா இருக்கிற மீன் மருந்தைத் தின்னும். மிச்சம் கடலடிச் சேற்றில் போய்ச் சேரும். அங்கே இருக்கிற பாக்டீரியா அந்த மருந்தோடவே வாழப் பழகிக்கும். பழகினதைச் சும்மாவும் வைத்திருக்காது, எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். மனுஷக் கிருமி, மீன் கிருமின்னு அது பேதம் பார்க்கிறதில்லை. வார்டில் மருந்து கேட்காத கிருமியோடு மல்லுக்கட்டுற எனக்கு, மீன் விஷயத்தில் அக்கறை வந்தது இதனால்தான்.

1990களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த நல்ல தடுப்பூசிகள் வந்தன. சில வருஷத்திலேயே 50 டன் ஓரிரு டன்னாக இறங்கிடுச்சு. இப்போ உற்பத்தி 10 லட்சம் டன்னுக்கு மேல், ஆன்டிபயாட்டிக்கோ ஒரு டன்னுக்கும் கீழ். கூண்டுகளுக்கு நடுவே இடைவெளி, அறுவடைக்குப் பிறகு இடத்தைக் கொஞ்ச காலம் சும்மா போடுவது, இதெல்லாமும் சேர்ந்துதான் இந்தப் பலன். ஊசியால் சில மீன்களுக்கு வயிற்றில் ஒட்டுத்தசை வருதுங்கிறதும் உண்மை.

அப்போ சிலி நாட்டில் ஏன் 2014லயும் 500 டன்னுக்கு மேல் கொட்டினாங்க? அங்கே முக்கிய எதிரி பிஸிரிக்கெட்சியா. நம்ம டிபி கிருமி மாதிரி செல்லுக்குள்ளேயே போய் ஒளிஞ்சுக்கும். தடுப்பூசி இருக்கு, ஆனா நார்வே அளவுக்குக் கை கொடுக்கலை. தடுப்பூசி மந்திரம் இல்லைங்க. கிருமியைப் பொறுத்து வெற்றி கூடும், குறையும்.

நம்ம கடலோரத்திலும் கொடுவா, கடல் விரால் கூண்டு வளர்ப்பு வந்தாச்சு. கூண்டுக்கு அரசு மானியமும் இருக்கு. என் கருத்து இதுதான்: அந்தப் பணத்தில் ஒரு பங்கு நம்ம மீன்களுக்கான தடுப்பூசி ஆராய்ச்சிக்கும், நோயைக் கண்டுபிடிக்கிற ஆய்வகத்துக்கும் இப்பவே போகணும். முதல் கூண்டு செத்து, பண்ணைக்காரர் மருந்து மூட்டையைத் தேடி ஓடின பிறகு இல்லை.