ஒன்பது பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

எடப்பாடிப் பக்கம் தறி ஓடும் வீடுகளில் பெண் பிள்ளைக்கு ஒரு வேலை எப்போதும் காத்திருக்கும். தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றுவது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஒருநாள் பள்ளிக்குப் போகாமல் உட்காருவாள். நாலு நாளாகும், பத்து நாளாகும். அதற்குள் அவளைத் தேடி யாராவது வாசலுக்கு வந்தால் படிப்பு பிழைக்கும்.

சோபியா பிளாக்மோர் அப்படி வீடு வீடாகப் போனவர்.

ஆஸ்திரேலியாவின் கோல்பர்னில் 1857-ல் பிறந்தவர். மெதடிஸ்ட் சபையின் மிஷனரி. 1887 ஜூலையில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அடுத்த மாதமே ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கிவிட்டார். அங்கிருந்த இந்திய வணிகர்கள் துணை நின்றார்கள். முதலில் வந்த ஒன்பது மாணவிகளும் தமிழ்ப் பிள்ளைகள். கடல் கடந்து பிழைக்கப் போன இடத்திலும் மகளைப் படிக்க அனுப்பிய அந்த ஒன்பது வீடுகளை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

சீனர் வீடுகளில் கதவு அவ்வளவு லேசில் திறக்கவில்லை. வயதுக்கு வந்த பெண்கள் வெளியே வராத வீடுகள் அவை. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்றார்கள். பிளாக்மோர் சளைக்கவில்லை. மலாய் கற்றார். அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியில் பேசிய பாபா மலாய் என்ற பேச்சுமொழியிலேயே பாடல்களை மொழிபெயர்த்தார், பத்திரிகையும் நடத்தினார். எழுத்தை மக்களின் பேச்சுக்குக் கொண்டுபோனதுதான் அவருடைய பெரிய வேலை என்பேன். 1888-ல் தெலுக் ஆயர் பகுதியில் சீனப் பெண் பிள்ளைகளுக்காக இன்னொரு பள்ளி வந்தது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் நடத்தினார்.

அவர் வந்தது மதம் பரப்பத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்து, பெற்றோரின் முகம் பார்த்துப் பேசிய உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 1945-ல் ஆஸ்திரேலியாவில் மறைந்தார். அந்த ஒன்பது பேர் பள்ளி இன்று மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. அது இருக்கும் சாலைக்கு அவர் பெயர்: பிளாக்மோர் டிரைவ்.

நம் ஊரில் இன்று பள்ளிக்குப் பஞ்சமில்லை. இலவசப் பாடநூல் இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, மதியச் சோறு இருக்கிறது. வாசலுக்கு வந்து கேட்கும் ஆள்தான் குறைவு. ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு பிள்ளை மூன்று நாள் வரவில்லையென்றால் நேரில் போங்கள். தறி நிறுத்தியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அப்போதுதான் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பேசுவார்கள்.