மூச்சுக்குழாய் போடும்போது குருதி அமுக்கம் ஏன் விழுகிறது?



கடும் நோயாளி ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது வைத்தியர்கள் வாய் வழியாகக் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுப்பார்கள். உயிர்காக்கும் அந்த வேளையிலேயே குருதி அமுக்கம் சடுதியாக விழுந்துவிடலாம். 29 நாடுகளில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 3000 நோயாளிகளில் நூற்றுக்கு 43 பேருக்குக் குருதியோட்டம் தளம்பியது.

காரணம் என்ன? மயக்க மருந்து இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. நாம் மூச்செடுக்கையில் நெஞ்சு விரிந்து குருதியை இதயத்துக்கு இழுக்கும். இயந்திரமோ காற்றை உள்ளே தள்ளுவதால், இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. குருதி இழந்தவர்களும் கிருமித்தொற்று முற்றியவர்களும் இதைத் தாங்கமாட்டார்கள்.

ஆகவே, நேரம் இருந்தால் முதலில் அமுக்கத்தை உயர்த்திக்கொண்டு, ஏற்ற மயக்க மருந்தை அளவறிந்து கொடுப்பார்கள். நோரட்ரினலின் போன்ற மருந்தும் ஆயத்தமாக இருக்கும். எல்லோருக்கும் முன்கூட்டியே அரை லீற்றர் சேலைன் ஏற்றினால் போதுமா? 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1065 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தபோது அதனால் பலன் கிடைக்கவில்லை. நீரோ குருதியோ இழந்தவர்களின் நிலை வேறு. இழந்ததை அவர்களுக்கு ஈடுசெய்யத்தான் வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? நோயாளியின் கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பிரஷர் குளிசை, இதய வருத்தம், ஒவ்வாமை, வயிற்றோட்டம், இரத்தப்போக்கு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைக் கேட்கும்வரை காத்திராமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லே மருந்தின் அளவை மாற்றக்கூடும்.