முதலில் பதியுங்கள்: சிறு திருட்டுப் புகார்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

செல்போன் பறிப்பு, சைக்கிள் திருட்டு, வாசலில் நிறுத்திய பைக் காணாமல் போவது, கடைப் பூட்டை உடைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போவது. இவற்றுக்கெல்லாம் புகார் கொடுத்தால் போலீஸ் கண்டுகொள்வதில்லை என்ற குறை தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கேட்கக்கூடியது. குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பாகிய எங்களுக்கும் அந்தக் குறை உண்டு. ஆனாலும் ‘போலீஸ் உடனே வர வேண்டும், உடனே பிடிக்க வேண்டும்’ என்ற வழக்கமான கோரிக்கையை நாங்கள் வைக்கப்போவதில்லை. பறிபோன ஒவ்வொரு செல்போனுக்கும் இரண்டு காவலர்களை அனுப்பிக்கொண்டிருக்க எந்தக் காவல் நிலையத்தாலும் முடியாது. அது எங்களுக்குத் தெரியும். எங்கள் கோரிக்கை அதைவிட எளியது, ஆனால் அதிகாரிகளுக்குக் கசப்பானது. புகார் வந்த அன்றே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அதன்பின் விசாரிக்கப் போவதில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நடப்பது வேறு. திருட்டுக் கொடுத்தவர் ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அந்தச் சீட்டுக்குப் பொருள் இல்லை. அது நீதித்துறை நடுவருக்குப் போவதில்லை, குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை, புலன்விசாரணை என்ற கடமையை யார் மீதும் சுமத்துவதில்லை. ‘எஃப்.ஐ.ஆர். போட்டா கோர்ட்டுக்கு அலையணும் சார், சி.எஸ்.ஆர். வாங்கிட்டுப் போங்க, கிடைச்சா கூப்பிடுறோம்’ என்ற வாசகத்தைக் கேட்காதவர்கள் குறைவு. அதற்கும் ஒரு படி மேலே, ‘பறித்துச் சென்றார்கள்’ என்று எழுதிவந்த மனுவைத் திருப்பிக் கொடுத்து, ‘பஸ்ஸில் வரும்போது தவறவிட்டுவிட்டேன்’ என்று மாற்றி எழுதிவரச் சொல்வதும் உண்டு. அந்த ஒரு வரி மாறியதும் குற்றமே இல்லாமல் போய்விடுகிறது. தாமதம் என்று மக்கள் சொல்வதன் அடியில் இருப்பது இதுதான். கணக்கிலேயே இல்லாத ஒரு குற்றத்துக்கு யாரும் தாமதிக்கக்கூட வேண்டியதில்லை.

சட்டம் இதில் எந்தக் குழப்பமும் வைக்கவில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013 நவம்பர் 12-ல் தீர்ப்பளித்தது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம். அவருடைய சொந்த மாநிலத்தில் அந்தத் தீர்ப்பு படும் பாட்டை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, மின்னணு வழியிலும் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் அது பதிவுக்கு வரும் என்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடமிருப்பது உண்மை. ஆனால் அதற்கு டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். ரைட்டர் மேசையில் எழுதித் தரும் ரசீது அந்த அனுமதி ஆகாது.

இன்னொரு பிரிவை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதே சட்டத்தின் 176-வது பிரிவு, புலன்விசாரணை தொடங்கப் போதிய முகாந்திரம் இல்லை என்று நிலைய அதிகாரி கருதினால் விசாரிக்காமல் விடலாம் என்கிறது. ஆள் பெயர் குறிப்பிட்டு வரும், கடுமையில்லாத வழக்குகளில் சம்பவ இடத்துக்கு நேரில் போகத் தேவையில்லை என்றும் சொல்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: காரணத்தை எழுதி நடுவருக்கு அனுப்ப வேண்டும், விசாரிக்காத முடிவைப் புகார்தாரருக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 157-வது பிரிவிலும் இது இருந்தது. எல்லாவற்றையும் எங்களால் தேட முடியாது என்று நேர்மையாகச் சொல்லும் வழியைச் சட்டம் காவல்துறைக்கு எப்போதோ கொடுத்துவிட்டது. அதைத் தொடாமல் சி.எஸ்.ஆர். என்ற பக்கவாசலைப் பயன்படுத்துவதற்குக் காரணம், பக்கவாசலில் காரணம் எழுதத் தேவையில்லை என்பதே.

பதிவில்லாததன் விலை என்ன என்பதற்கு மாவட்டந்தோறும் நடக்கும் செல்போன் ஒப்படைப்பு நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு போனிலும் எண் ஒட்டி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். காவல் கண்காணிப்பாளர் ஒவ்வொருவராக அழைத்துக் கொடுப்பார். மறுநாள் நாளிதழில் ‘காணாமல் போன செல்போன்கள் மீட்பு’ என்று படத்தோடு செய்தி வரும். ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கித் தேடும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். அமைப்பும், சைபர் பிரிவுக் காவலர்களின் உழைப்பும் இதன் பின்னால் இருக்கின்றன, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் படத்தில் இல்லாதவரைப் பாருங்கள். திருடியவர் எங்கே, வாங்கி விற்றவர் எங்கே? பறித்த போனைக்கூடத் ‘தொலைந்த’ போனாகப் பதிந்திருந்தால், அதைக் கடைசியாக வைத்திருந்தவரிடம் வாங்கி உரியவரிடம் கொடுத்ததோடு சோலி முடிந்தது. ஒரே பஸ் நிறுத்தத்தில் ஒரே மாலை நேரத்தில் பத்துப் பேரிடம் போன் பறிபோனாலும், ஒரே ரயில் நிலைய வாகன நிறுத்தத்தில் பைக்குகள் தொடர்ந்து போனாலும், அவை தனித்தனி ரசீதுகளாகக் கிடக்கும்வரை யார் கண்ணுக்கும் ஒரு கும்பலின் வேலையாகத் தெரியாது. பைக் பறிகொடுத்தவருக்கு இதில் நேரடி நட்டமும் உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற காவல்துறைச் சான்றும் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நகர்த்தாது.

வேகம் வேண்டும் என்று மட்டும் கேட்பதில் உள்ள ஆபத்தை 2025-ம் ஆண்டு இரண்டு முறை காட்டியது. மார்ச் 25 காலை தென்சென்னையில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துச் செயின் பறிப்புகள் நடந்தன. சில மணி நேரத்தில் சந்தேக நபர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். கேமராப் பதிவுகளும் ஆள்பலமும் ஒருங்கிணைந்தால் நம் காவல்துறையால் எவ்வளவு முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் மறுநாள் விடிவதற்குள் அவர்களில் ஒருவர் என்கவுன்ட்டரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணாமல் போனதாக ஒரு புகார் வந்தது. தனிப்படை விரைந்தது, கோயில் காவலாளியாக இருந்த இளைஞர் போலீஸ் பிடியில் உயிரிழந்தார். முதல் தகவல் அறிக்கை பதியாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாதாரண மனிதரின் புகாரைக் கிடப்பில் போட உதவும் அதே எழுத்தில்லாத நடைமுறைதான், வேறொரு நாளில் வரம்பில்லாமல் பாயவும் உதவுகிறது. எழுத்தில் ஏறிய வழக்குக்கு ஒரு எண் உண்டு, ஒரு விசாரணை அதிகாரி உண்டு, நடுவருக்குப் போன நகல் உண்டு. புகார்தாரருக்கும் சந்தேகத்துக்கு ஆளானவருக்கும் ஒருசேர அதுதான் பாதுகாப்பு.

எங்களுக்குச் சொல்லப்படும் மறுப்புகளில் கனமானது வேலைப்பளு. காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியக் காவலர்கள் சராசரியாக நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்கிறார்கள். திருவிழா, தேர்தல், தலைவர்களின் வருகை என்று எதுவானாலும் ஸ்டேஷன் ஆட்கள் பந்தோபஸ்துக்குப் போய்விடுகிறார்கள். ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால் வழக்கு நாட்குறிப்பு, சாட்சி வாக்குமூலம், இறுதி அறிக்கை என்று தாள் பெருகும் என்பதும் மெய்தான். இதைத் தட்டிக்கழிக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் பதியாமல் விடுவதாலும் வேலை குறைவதில்லை. ரசீது வாங்கியவர் வாரம் ஒருமுறை வந்து நிற்கிறார், ஆணையர் அலுவலகத்துக்கு மனு போடுகிறார், முதல்வரின் முகவரித் துறைக்கு எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் நிலையம் பதில் அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கிறது. டெல்லி காவல்துறை 2015-லேயே வாகனத் திருட்டுக்கு இணையவழி எஃப்.ஐ.ஆர். முறையைக் கொண்டுவந்துவிட்டது. 176-வது பிரிவின்படி விசாரணை தொடராத வழக்குகளுக்கு ஒரு பக்கப் படிவம் போதும் என்று டி.ஜி.பி. அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் பளுவில் பெரும்பகுதி இறங்கிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புலன்விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்கச் சொல்லி பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2006 செப்டம்பரில். குற்றப்பிரிவு என்று பலகை மட்டும் தனியாக இருந்து, பந்தோபஸ்து நாளில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் அது பிரிவினை ஆகாது. கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று காவல்துறை கேட்டால் எங்கள் ஆதரவு உண்டு. ஆனால் பதியாத குற்றங்களைக் காட்டி எந்த நிதித்துறையிடமும் ஆள் கேட்க முடியாது.

உண்மையான தயக்கம் வேலைப்பளுவில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. எல்லாவற்றையும் பதிந்தால் குற்றம் கூடிவிட்டதாகத் தெரியும். மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் ஆய்வாளர் திட்டு வாங்குவார். காவல்துறை மானியக் கோரிக்கை நாளில் எதிர்க்கட்சி அந்த எண்ணைத் தூக்கிக் காட்டும். இன்றைய ஆளுங்கட்சியும் எதிர்வரிசையில் இருந்தபோது அதைத்தான் செய்திருக்கும். இந்தப் பயத்தைப் போக்கும் கடமை அரசியல் கட்சிகளுக்கும் ஊடகங்களுக்கும், எங்களைப் போன்ற அமைப்புகளுக்கும் இருக்கிறது. குற்றங்கள் பெருகுவது வேறு, குற்றப் பதிவுகள் பெருகுவது வேறு என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கைகளில் எச்சரித்துவருகிறது. டெல்லியில் 2013-ல் சுமார் 80 ஆயிரமாக இருந்த இ.பி.கோ. வழக்குகள் 2014-ல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. ஒரே ஆண்டில் அந்த ஊரில் திருடர்கள் இரட்டிப்பாகிவிடவில்லை; வந்த புகார்களை மறைக்காமல் பதிந்தார்கள், அவ்வளவுதான். எனவே, நிலையங்களைத் திருட்டு வழக்குகளின் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவதை உயரதிகாரிகள் நிறுத்த வேண்டும். வந்த மனுக்களில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின, எத்தனை ரசீதாகவே கிடக்கின்றன என்ற விகிதத்தை நிலையவாரியாக வெளியிட வேண்டும். எங்கள் பகுதி நிலையத்தில் அடுத்த ஆண்டு திருட்டு வழக்குகள் இரண்டு மடங்கானால் அதற்காக நாங்கள் போராட்டம் நடத்தமாட்டோம் என்று இப்போதே எழுதித் தருகிறோம்.

வழக்குப் பதிந்தால் மீட்ட பொருள் கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும் என்பது நியாயமான கவலைதான். புதிய சட்டத்தின் 497-வது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது: பொருளின் விவரப் பட்டியலும் படமும் 14 நாளில், ஒப்படைக்கும் உத்தரவு அதிலிருந்து 30 நாளில். நடுவர் நீதிமன்றங்கள் இந்தக் கெடுவைக் காக்கின்றனவா என்று உயர் நீதிமன்றம் கண்காணிக்க வேண்டும். பொய்ப் புகார் பெருகும் என்ற வாதத்துக்கு, பொய்த் தகவல் தருவது தண்டனைக்குரியது என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவே பதில்.

நாங்கள் மிகவும் கவலைப்படுவது 5,000 ரூபாய்க் கோட்டைப் பற்றி. பழைய சட்டத்தில் எந்தத் திருட்டானாலும் போலீஸ் நேரே விசாரிக்கலாம். இப்போது 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் திருடுபோனால், நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக அது மாற்றப்பட்டிருக்கிறது. முதல்முறை தவறியவரைச் சிறைக்கு அனுப்பாமல் சமூக சேவை செய்யவைக்கலாம் என்ற எண்ணம் நல்லது, அதை வரவேற்கிறோம். ஆனால் தண்டனையை இலேசாக்க விசாரணையையே பூட்ட வேண்டிய அவசியம் என்ன? செகண்ட் ஹேண்ட் போன், பழைய சைக்கிள், தள்ளுவண்டிக்காரரின் எலெக்ட்ரானிக் தராசு, கட்டடத் தொழிலாளியின் டிரில்லிங் மெஷின் என இவையெல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே விழக்கூடியவை. உணவு டெலிவரி செய்பவருக்கு நாலாயிரம் ரூபாய் போன் போவது என்றால் அன்றைய கூலி, வங்கிக் கணக்கு, வேலைக்கான செயலி எல்லாம் ஒன்றாகப் போவது. வசதியுள்ளவரின் போனைத் தேட போலீஸுக்கு அதிகாரம் உண்டு, இவருடையதைத் தேட இல்லை என்று சொல்கிற சட்டத்தை நாங்கள் ஏற்கவில்லை. பழைய பொருளுக்கு மதிப்புப் போடுவதும் நிலையத்தின் கையில்தான் இருக்கிறது. குற்றவியல் சட்டமும் நடைமுறையும் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலத் திருத்தத்துக்கு வழி இருக்கிறது. புதிய சட்டங்களில் மாநிலத் திருத்தங்களைப் பரிந்துரைக்க 2024 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவை அரசே அமைத்தது. பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் திருத்தங்கள் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறின. அதே வழியில் இந்தக் கோட்டையும் நீக்கக் கோருகிறோம். அதுவரை, இத்தகைய புகார்களை பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 174-வது பிரிவின்படி உரிய புத்தகத்தில் பதிந்து, அந்த நாட்குறிப்பை 15 நாளுக்கு ஒருமுறை நடுவருக்கு அனுப்பும் கடமையையாவது நிலையங்கள் தவறாமல் செய்ய வேண்டும்.

இந்த மாற்றங்கள் வரும்வரை எங்கள் உறுப்பினர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மனுவில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பறித்ததைத் ‘தவறவிட்டேன்’ என்று மாற்றாதீர்கள். பொருளின் மதிப்பை நீங்களே குறிப்பிடுங்கள், பில் இருந்தால் நகலை இணையுங்கள். சி.எஸ்.ஆர். மட்டும் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிற்காமல் அதே சன்ஹிதாவின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டு மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ, மாநகரமானால் துணை ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் பிரமாண வாக்குமூலத்தோடு நடுவரிடம் மனு செய்யலாம். காவல் நிலையத்தில் குரலை உயர்த்த வேண்டாம். முன்னால் உட்கார்ந்திருக்கும் காவலர் பெரும்பாலும் மேலிருந்து வரும் எண்ணிக்கைக் கணக்குக்குப் பயந்துதான் பேனாவை எடுக்காமல் இருக்கிறார்.